நான்கு பூதங்களும் ஓர் உருக்காலையும்

விஞ்ஞான நூதனசாலை ஒன்றைப் பற்றிய விமர்சனத்துக்கு இலக்கிய ஏட்டில் இடமேன் என்று சிலர் வினவக்கூடும். நாவலையும் நாடகத்தையும் சமுதாயத்தின் விளைபொருள்களாகக் கொண்டு ஆராய்கின்ற நாம், பாடசாலைப் பிள்ளைகளின் மனத்தில் உலகைப் பற்றிய ஒரு சித்திரத்தைப் பதிக்கின்ற நிறுவனத்தை ஆராயாது விடுவதற்கு நியாயமில்லை. அதுவும் ஒரு படைப்பே. அதற்கும் உருவம் உண்டு, உள்ளடக்கம் உண்டு. அது சொல்லாமல் விடுவதும் உண்டு.

இங்கிலாந்தின் ஷெபீல்ட் நகரும் அதனை ஒட்டிக் கிடக்கும் ரொதர்ஹாமும் உருக்கினால் வளர்ந்த ஊர்கள். ரொதர்ஹாமின் ரெம்பிள்பரோ என்னுமிடத்தில் ‘ஸ்டீல், பீச் அன்ட் ரோசர்’ கம்பெனியின் ஆலை இருந்தது. ஊரவர் அதனை ‘ஸ்டீலோஸ்’ என்றே அழைத்தனர். 1960களின் தொடக்கத்தில் அங்கிருந்த பழைய திறந்த உலைகளை அகற்றி ஆறு மின்வில் உலைகளை நிறுவினர். 1993இல் உருக்கு மண்டபம் மூடப்பட்டது. 2001இல் அதே மண்டபம், பார்ப்போர் தொட்டும் இயக்கியும் அறியத்தக்க விஞ்ஞான நூதனசாலையாக, ‘மக்னா’ என்ற பெயரோடு திறக்கப்பட்டது. செலவில் ஒரு பெரும் பகுதி தேசிய லொத்தர் நிதியிலிருந்து வந்தது. (லொத்தர்ச் சீட்டு வாங்குவோர் பெரும்பாலும் எவ்வகுப்பினர் என்பதை நம் வாசகருக்கு நாம் சொல்லவேண்டியதில்லை.) கட்டடக் கலைக்கு அந்நாட்டில் வழங்கப்படும் ஸ்டேர்லிங் பரிசு அவ்வாண்டே இதனை வடிவமைத்த வில்கின்சன் அயர் நிறுவனத்துக்குக் கிடைத்தது.

பரிசு தகுதியற்றதெனக் கூற நாம் துணியோம். பழைய ஆலையை இடித்துப் பளிங்கு மாளிகை எழுப்பும் மோகத்துக்கு இக்கலைஞர்கள் ஆட்படவில்லை. கரியேறிய சுவர்களையும் பாரந்தூக்கிகளையும் உலையையும் இருந்தபடியே விட்டு, அவ்விருளினுள்ளே புதிய கூடங்களை வைத்தனர். மண்டபத்தின் பிரமாண்டமே அங்கு நிகழ்ந்த உழைப்பின் அளவை ஒருவாறு உணர்த்திவிடுகிறது. பிள்ளைகள் தம் கையாலே ஜே.சி.பி. இயந்திரத்தை இயக்கிக் கல்லை அள்ளும் பகுதியும் நல்ல யோசனையே. ஒரு பிடியை அசைத்தால் எண்ணெயின் அமுக்கம் எவ்வளவு பாரத்தைத் தூக்கும் என்பதைப் பத்துப் பாடங்களிலும் தெளிவாக அக்கணம் கற்பிக்கும்.

நமது முரண்பாடு உள்ளடக்கத்தோடுதான். கண்காட்சி நான்கு கூடங்களாகப் பிரிக்கப்பட்டது. காற்றுக்கு மேலே தொங்கும் ஆகாயக் கப்பல் போன்ற ஒரு கூடம், நெருப்புக்கு ஒரு கூடம், அதில் சுழன்றெழும் தீச்சுழல், நிலத்துக்கு அடித்தளம், நீருக்கு அலைவடிவக் கூடம். கிரேக்கரின் நாற்பூதக் கொள்கை இருபத்தோராம் நூற்றாண்டின் விஞ்ஞானசாலைக்குச் சட்டகமாயிற்று. ஐம்பூதம் என்று எண்ணிப் பழகிய தமிழருக்கு ஐந்தாவது எங்கே என்று கேட்கத் தோன்றும். வானத்தை விட்டுவிட்டதனால் பெரிய நட்டமொன்றுமில்லை. இந்த நான்கையும் ஒன்றுசேர்த்து உருக்காக்கிய மனித உழைப்பு அந்த வரிசையில் இடம்பெறாததே நம்மை உறுத்துகிறது.

மின்வில் உலையிலே என்ன நடந்தது? பழைய இரும்பை மேலிருந்து கொட்டி மூடியை இட்டு மூன்று மின்வாய்களை இறக்குவர். அவற்றுக்கும் இரும்புக்கும் இடையே காற்றே மின்னைக் கடத்தும் நிலை ஏற்பட்டு வில் எரியும். பெருமுழக்கம் எழும். உருக்கு ஏறத்தாழ 1600 பாகை சதமளவை எட்டும். ஒட்சிசன் ஊட்டிக் காபனைக் குறைப்பர். இட்ட சுண்ணாம்பு அழுக்குகளைப் பற்றிக் கசடாக மிதக்கும். உலையின் சுவரை நீர் குளிர்விக்கும். நிலம், நீர், தீ, காற்று நான்கும் அங்கே ஒரே நிகழ்ச்சி. அந்நிகழ்ச்சியை நடத்தியவன் நீலக் கண்ணாடியூடே உலையை உற்றுப்பார்த்து, கரண்டியால் மாதிரி எடுத்து, எப்போது வார்ப்பது என்று தீர்மானித்தான். வார்த்து முடிந்ததும் கொதிக்கும் வாயினூடே டொலமைற்றை மண்வாரியால் எறிந்து அரித்துப்போன உட்சுவரைச் செப்பனிட்டான். இது விஞ்ஞானமன்றோ? உலையையே கைப்பற்றி வைத்திருக்கும் நூதனசாலை இதனை நான்கு கூடங்களாகக் கூறுபோட்டது விசித்திரமானது.

மக்னாவின் புகழ்பெற்ற காட்சி ‘பேருருக்கல்’ என்பது. உண்மையான உலையைச் சுற்றி ஒளியும் ஒலியும் புகையும் தீப்பொறியும் கொண்டு உலை மறுபடி எரிவதுபோல் காட்டுவர். பிள்ளைகள் வாய்பிளந்து நிற்பர் என்பதில் ஐயமில்லை. ஆயினும் இது வாணவேடிக்கை. தொட்டறியும் சாலையின் நடுநாயகமான காட்சியில் பிள்ளை தொடுவதற்கு எதுவுமில்லை. தூரநின்று வியப்பதற்கே இடமுண்டு. தொழிலாளரின் நினைவுகளுக்கு அங்கு இடமே தரப்படவில்லை என்பது நமது குற்றச்சாட்டன்று. விஞ்ஞானம் ஒரு பக்கம், தொழிலாளர் கதை வேறொரு பக்கம் என்று பிரித்துவைக்கும் பார்வையையே நாம் ஏற்கவில்லை.

ஏனெனில் அவ்வூரின் வரலாறே அப்பிரிவினையைப் பொய்யாக்குகிறது. பதினெட்டாம் நூற்றாண்டில் ஹன்ட்ஸ்மன் என்ற கடிகாரத் தொழிலாளி மூசையில் உருக்கு உருக்கும் முறையைக் கண்டான். அம்மூசைக்குரிய களிமண்ணை வெறுங்காலால் மணிக்கணக்காக மிதித்துப் பதப்படுத்தினர். மண்ணிலே ஒரு சிறு காற்றுக்குமிழ் தங்கினாலும் மூசை உலையில் வெடிக்கும். அதனைக் கண்டுபிடித்த கருவி தொழிலாளியின் பாதம். 1913இல் ஷெபீல்டில் துருப்பிடியா உருக்கை வார்த்த ஹரி பிறேர்லி உருக்குத் தொழிலாளி ஒருவரின் மகன். பன்னிரண்டு வயதில் பள்ளியை விட்டு, தந்தை வேலைசெய்த ஆலையின் ஆய்வுகூடத்தில் போத்தல் கழுவச் சேர்ந்தவன். கண்டுபிடிப்பின் உரிமை குறித்துக் கம்பெனியோடு பிணங்கி 1915இல் விலகினான். உரிமை யாருக்கு என்ற இவ்வினா அந்த உலோகத்தின் வரலாற்றில் குரோமியத்துக்குக் குறைந்த மூலகம் அன்று.

1980 ஜனவரியில் பிரித்தானிய உருக்குத் தொழிலாளர் இரண்டு சதவீத ஊதிய உயர்வை ஏற்க மறுத்துப் பதின்மூன்று வாரங்கள் வேலைநிறுத்தம் செய்தனர். 1988இல் அரச உருக்குக் கூட்டுத்தாபனம் தனியாருக்கு விற்கப்பட்டது. ஐந்தாண்டில் ரெம்பிள்பரோ மண்டபம் மூடப்பட்டது. ஊரின் உற்பத்தி போய், உற்பத்தியைப் பற்றிய காட்சி எஞ்சியது. தந்தை ஊதியம் பெற்ற வாயிலிலே மகன் சீட்டு வாங்கி நுழையும் நிலை வந்ததேன் என்பதும் காரணகாரியம் பற்றிய வினாவே. காரணகாரியத்தைக் கற்பிக்கவந்த சாலை அதனை மட்டும் ஒதுக்கிவிடலாமோ?

விளையாட்டின் மகிழ்ச்சியை அரசியலால் கெடுக்கிறோம் என்று நண்பர் சிலர் கூறுவர். அவர்களுக்கு பிராங் ஒப்பன்ஹைமரை நினைவூட்டுவோம். தொட்டறியும் நூதனசாலைகளுக்கெல்லாம் முன்மாதிரியாய் விளங்கும் சான் பிரான்சிஸ்கோ ‘எக்ஸ்ப்ளோறற்றோறியம்’ 1969இல் அவர் தொடங்கியது. கொம்யூனிஸ்ட் கட்சியில் முன்பு அங்கம் வகித்தமைக்காக 1949இல் பல்கலைக்கழகத்தை விட்டு நீங்க நேர்ந்து, கொலறாடோவில் மாடு வளர்த்து, பின் ஊர்ப் பள்ளியில் விஞ்ஞானம் கற்பித்தவர் அவர். அந்த நூதனசாலையில் கருவிகளைச் செய்யும் பட்டறையைப் பார்வையாளர் கண்முன்னே வைத்தார். கடைசலும் ஒட்டும் வேலையும் அங்கு காட்சியின் ஒரு பகுதி. விளையாட்டு அதனால் குன்றவில்லை.

அவ்வளவு தூரம் போகவேண்டியதுமில்லை. ஷெபீல்டின் கெலம் தீவு நூதனசாலையில் ‘ரிவர் டொன்’ நீராவி இயந்திரம் இருக்கிறது. 1905இல் செய்யப்பட்டது, பன்னீராயிரம் பரிவலு கொண்டது, யுத்தக் கப்பல்களின் கவசத்தகடுகளை உருட்டியது, 1978 வரை வேலைசெய்தது. அதனை நீராவி ஊட்டி இயக்கிக் காட்டிவந்துள்ளனர். பிள்ளைகள் அதனைத் தொட முடியாது. ஆனால் அதனை இயக்குபவரின் கையைக் காணலாம். எந்தப் பிடியை எப்போது இழுக்கிறார், அந்தப் பேருரு எவ்வளவு விரைவில் திசைமாறுகிறது என்பதைப் பார்க்கலாம். அவரிடமே கேள்வியும் கேட்கலாம். ரெம்பிள்பரோவிலிருந்து இவ்விடம் சில மைல்தான். ஆசிரியர் ஒருவர் காலையில் ஒன்றுக்கும் மாலையில் மற்றதற்குமாகத் தம் மாணவரை அழைத்துச்செல்ல இயலும்.