மக்கன்பேடாவின் வம்சம்

பல்லவ மன்னன் மூன்றாம் நந்திவர்மன் 9-ஆம் நூற்றாண்டில் ஜயக்கொடி நாட்டிய தெள்ளாற்றிலிருந்து, பட்டுத்தறி ஓசை கேட்கும் ஆரணியைக் கடந்து ஆற்காடு சேரும் ரசிகனுக்கு, நவாபுகளின் பெயரோடு சேர்த்துச் சொல்லப்படும் மக்கன்பேடா காத்திருக்கும். பாலைச் சுண்டக் காய்ச்சிய கோவாவோடு மைதாவை மிருதுவாகப் பிசைந்து, நடுவே முந்திரியும் உலர்திராட்சையும் வைத்து உருட்டி, நிதானமான சூட்டில் பொரித்துப் பாகில் ஊறவிட்டால், கரண்டி பட்ட மாத்திரத்தில் விண்டு, தன் உள்ளிருக்கும் ரத்தினங்களைக் காட்டும் அந்தப் பதார்த்தம்.

பாலின் திரட்சியோடு மாவைச் சேர்க்கும் வித்தை பழையது: ரோமாபுரியின் கேட்டோ, கி.மு. 2-ஆம் நூற்றாண்டிலேயே, தமது விவசாய நூலில் இரண்டு பங்கு பாலாடைக்கட்டிக்கு ஒரு பங்கு மாவு சேர்த்து, இலைமேல் வைத்துச் சுடும் பணியாரத்துக்குக் கணக்கு எழுதிவைத்தார். நம் பாட்டிமார்களோ கைப்பக்குவத்தையே ஏடாகக் கொண்டிருந்தார்கள். 1951-இல் எஸ். மீனாட்சி அம்மாளின் ‘சமைத்துப் பார்’ அந்தப் பக்குவத்துக்கு அளவும் அட்சரமும் தந்தது. ஆயினும், பாகின் பிசுக்குப் பதத்தை விரல் நுனியன்றி எந்தப் புத்தகம் அறியும்!