ஒயர் போகும் வழி

சென்னையின் பாடியிலிருந்து திருவள்ளூர் நெடுஞ்சாலை வழியே அம்பத்தூர், ஆவடி என்று மேற்கே செல்பவரும், கோயம்பேட்டிலிருந்து பூவிருந்தவல்லியைக் கடந்து திருமழிசைப் பக்கம் போகிறவரும், லேத் பட்டறைகளுக்கும் டயர் கடைகளுக்கும் நடுவே, தகரக் கூரையின் கீழ், ஒரு பழைய பாட்டரியையும் சுவரில் தொங்கும் ஒயர்க் கொத்துகளையும் தவிர வேறு விளம்பரம் ஏதுமில்லாத ஆட்டோ எலக்ட்ரிகல் கடைகளைப் பார்த்திருப்பார்கள். பார்த்திருந்தும், அங்கே நின்று ரசித்தவர்கள் மிகச் சிலரே. வண்டி நடுவழியில் நின்றுவிட்ட எரிச்சலோடு வந்து சேர்கிறவனுக்கு ரசனைக்கு ஏது அவகாசம்? ஆயினும், ஒரு சிறிய காரின் இஞ்சினைச் சுற்றிலும் உஷ்ணத்தால் கருகிப்போன சென்சார் ஒயர்களைத் தேர்ந்த கை ஒன்று மீட்டெடுப்பதை ஒரு முறையேனும் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து முழுமையாகப் பார்த்தவர், அதை வெறும் ரிப்பேர் என்று சொல்ல நா எழாமல்தான் திரும்புவார் என்பது என் அபிப்பிராயம்.

இந்தப் பிரதேசத்துக்கு அந்த வித்தை புதிதன்று. 1961இல் பாடியில் தோன்றிய லூகாஸ் டி.வி.எஸ். தொழிற்சாலை, மோட்டார் வண்டிகளுக்கு வேண்டிய மின்சார சாதனங்களை இங்கேயே செய்யத் தொடங்கியது; 1964இல் அம்பத்தூர் தொழிற்பேட்டை எழுந்தது; அதற்கு மறு ஆண்டு, ஆவடிக் கனரக வாகனத் தொழிற்சாலையிலிருந்து விஜயந்தா டாங்கி வெளிவந்தது. 1955இல் காங்கிரஸ் மகாசபை ஆவடியில் கூடிச் சோஷலிச பாணிச் சமுதாயத்துக்குத் தீர்மானம் செய்ததைச் சரித்திரப் புத்தகங்கள் விஸ்தாரமாகச் சொல்லும். அதே ஆவடியிலும் அதன் சுற்றுப்புறத்திலும், ஒயரின் நிறத்தையும் கோட்டையும் பார்த்தே அது எங்கிருந்து எங்கே போகிறது என்று சொல்லப் பழகிய கைகளைப் பற்றி அவற்றில் ஒரு வரியும் இராது.

பழைய எலக்ட்ரீஷியனின் உலகம் ஹெட்லைட், ஹாரன், சார்ஜிங் என்ற எல்லைக்குள் அடங்கியிருந்தது. 1983இல் மாருதி 800 வந்தபோதும் அதில் கார்புரேட்டரே இருந்ததால் அந்த எல்லை அதிகம் விரியவில்லை. 1998இல் இருங்காட்டுக்கோட்டையிலிருந்து சான்ட்ரோ, சென்சார்களைக் கேட்டுப் பெட்ரோலை அளந்து ஊற்றும் எம்.பி.எஃப்.ஐ. இஞ்சினோடு புறப்பட்டதும், 2000ஆம் ஆண்டு முதல் புகைக் கட்டுப்பாட்டு விதிகள் நாடெங்கும் இறுகியதுந்தான் அவருடைய தொழிலையே புரட்டிப் போட்டன. தடித்த ஒயரில் பல ஆம்பியர் மின்சாரத்தை இழுத்துச் சென்றவர், இப்போது அரை சதுர மில்லிமீட்டர் செம்பில், 0.2 மில்லிமீட்டர் கனமுள்ள பதினாறு இழைகளுக்குள், ஒரு வோல்ட்டில் பத்தில் ஒரு பங்கைச் சிந்தாமல் சிதறாமல் கொண்டு சேர்க்க வேண்டியவரானார். அதைக் கற்றுக்கொள்ளாமல் டேப்பும் கத்தியுமாகவே நின்றுவிட்டவர்களும் உண்டு. அவர்கள் தொட்ட வண்டிகள் இன்றும் கடை கடையாக அலைகின்றன.

ஒயர் ஏன் கருகுகிறது என்பதில் ஒரு விசித்திரம் இருக்கிறது. புகை வெளியேறும் மேனிஃபோல்டில் திருகப்பட்டிருக்கும் ஆக்ஸிஜன் சென்சார், சுமார் 300 டிகிரிக்கு மேல் சூடேறினாலன்றிப் பேசாது. சீக்கிரம் சூடேறட்டும் என்பதற்காகவே பல வண்டிகளில் அதற்குள் ஒரு ஹீட்டரையும் வைத்திருக்கிறார்கள். ஆனால் அது பேசுவதை எடுத்துச் செல்லும் ஒயருக்கோ, அந்தச் சூடே பரம சத்துரு. வண்டிகளில் சாதாரணமாகக் காணும் பி.வி.சி. உறை 80 முதல் 105 டிகிரி வரைதான் தாங்கும். ஆகவே ஒரு சாண் தூரத்துக்குள் நெருப்பில் குளிக்க வேண்டியதும் நெருப்பை அண்டக் கூடாததும் அக்கம்பக்கமாகக் குடியிருக்கின்றன. சிறிய காரின் பானெட்டுக்குள் இடமோ மிகக் குறைவு. அம்பத்தூர் எஸ்டேட் சிக்னலில் ஏ.சி.யை ஓடவிட்டு நின்று நின்று நகர்ந்த பிறகு, வீட்டு வாசலில் வண்டியை அணைத்துவிட்டு நாம் உள்ளே போய்விடுகிறோம். ஓடும்போது கிடைத்த காற்றும் நின்றுபோக, தேங்கிய சூடு அந்த மெல்லிய உறைகளை அப்போதுதான் நிதானமாக வாட்டுகிறது. வருஷக் கணக்கில் இப்படி நடந்தபின் உறை பளபளப்பிழந்து, விறைத்து, விரலால் வளைத்தால் அப்பளமாக நொறுங்குகிறது. எலி கடித்த ஒயரில் பல்லின் தடம் இருக்கும், செம்பும் பளிச்சென்று இருக்கும். சூட்டில் மாண்ட ஒயரில் செம்பே கறுத்திருக்கும். தேர்ந்தவருக்கு இதைச் சொல்ல டார்ச் வெளிச்சமும் ஒரு கணமும் போதும்.

நோயைக் கண்டுபிடிப்பதில்தான் நல்ல எலக்ட்ரீஷியனின் மனப்போக்கு வெளிப்படும். முற்றிலும் அறுந்த ஒயர் அவ்வளவு ஆபத்தானதன்று. இஞ்சின் தண்ணீரின் சூட்டைச் சொல்லும் சென்சாரை எடுத்துக்கொள்வோம். தண்ணீர் குளிர்ந்திருக்கும்போது அதன் தடை ஏறக்குறைய 2,500 ஓம். 80 டிகிரியில் அது 300 ஓம் அளவுக்கு இறங்கிவிடும். ஒயர் அடியோடு அறுந்தால், பூஜ்யத்துக்குக் கீழே 40 டிகிரி என்று கணக்காகி, மே மாதத்து ஆவடியில் நிற்கும் வண்டி தான் இமயத்துப் பனியில் நிற்பதாகப் பிரமை கொள்ளும். ஆனால் இஞ்சின் கம்ப்யூட்டர் இந்த அபத்தத்தை உணர்ந்து உடனே எச்சரிக்கை விளக்கை ஏற்றிவிடும். பாதி கருகிய ஒயர் அப்படியன்று. அது சில நூறு ஓம்களை மட்டும் கூட்டி, கொதிக்கும் இஞ்சினை வெதுவெதுப்பான இஞ்சினாகக் காட்டும். கம்ப்யூட்டரும் அதை நம்பிப் பெட்ரோலை அதிகமாக ஊற்றும். விளக்கு எரியாது, மைலேஜ் மட்டும் குறையும். சந்தேகத்துக்கு இடம் தராத இந்த அரைப் பொய்யைப் பிடிப்பதற்கு ஸ்கேனர் மட்டும் போதாது. இஞ்சினின் சுழற்சியைச் சொல்லும் கிராங்க் சென்சாரின் ஒயரில் கோளாறு என்றாலோ, சூடானால் நின்றுபோய் ஆறினால் கிளம்பிவிடும் வண்டி, கடைக்கு வந்து சேரும்போது சாதுவாக நிற்கும். நல்ல எலக்ட்ரீஷியன் அப்போது ஸ்பானரைத் தொடமாட்டார். இஞ்சினை ஓடவிட்டு, டீ வரவழைத்து, சூடு ஏறும்வரை காத்திருந்து, பிறகு ஒயர்க் கட்டை அங்குலம் அங்குலமாக மெல்ல அசைத்துக்கொண்டே வருவார். எந்த அசைவில் இஞ்சின் தடுமாறுகிறதோ அங்கே விரல் நிற்கும். "இங்கதான் சார்" என்ற இரண்டே வார்த்தைகள் வெளிவரும்.

அதோடும் அவர் திருப்தியடைய மாட்டார். இரு முனைகளிலும் ஒயரை மாட்டியிருக்கும் கப்ளரைக் கழற்றிவிட்டு, சந்தேகத்துக்குரிய ஒயர் வழியே ஒரு இண்டிகேட்டர் பல்பை எரியவிட்டுப் பார்ப்பார். மீட்டரின் 'பீப்' ஓசை, பத்து இருபது ஓம் தடை இருக்கிற கெட்ட ஒயருக்கும் தாராளமாக ஒலித்துவிடும். பல்போ மங்கலாக எரிந்து உண்மையைச் சொல்லிவிடும். கம்ப்யூட்டரோடு இணைந்திருக்கும் ஒயரில் இந்தப் பரீட்சையைச் செய்கிற அவசரக்காரர் கம்ப்யூட்டரையே பலி கொடுப்பார். கப்ளரைக் கழற்றாமல் பல்பை எடுக்கிறவரிடம் வண்டியை விடாமல் இருப்பது உத்தமம்.

இனி ஜாயிண்ட். கறுத்த செம்பில் ஈயம் ஒட்டாது. ஆகவே பளபளக்கும் செம்பு தென்படும்வரை ஒயரைப் பின்னோக்கி வெட்டிக்கொண்டே போக வேண்டும். நீளம் குறைகிறதே என்று பாதியில் நிறுத்துகிறவர் பிற்பாடு அதே வண்டியை மறுபடி பார்ப்பார். பிறகு, சூட்டில் சுருங்கும் ஸ்லீவை முதலில் ஒயரின்மேல் நுழைத்துக்கொள்ள வேண்டும். பற்றவைத்து முடித்தபின் ஸ்லீவ் மேஜைமேலேயே கிடப்பதைக் கண்டு விழிப்பது, எல்லா உதவிப் பையன்களும் ஒரு நாள் அடைந்தே தீர வேண்டிய அனுபவம். இரண்டு முனைகளின் இழைகளையும் விரித்து, ஒன்றுக்குள் ஒன்று கோத்து, இடப்பக்கத்தை வலப்பக்கத்தின் மேலும் வலப்பக்கத்தை இடப்பக்கத்தின் மேலும் முறுக்கி, ஈயமே இல்லாமல் இழுத்தாலும் பிரியாத நிலைக்குக் கொண்டுவந்த பிறகுதான் சாலிடரிங் அயர்ன் பக்கம் கை போகும். 60 பங்கு வெள்ளீயமும் 40 பங்கு காரீயமும் கலந்த கம்பி 190 டிகிரிக்குள் உருகிவிடும். ஆனால் அயர்ன் முனையில் ஈயத்தை உருக்கிச் சொட்டவிடுவது வேலை தெரியாதவர் பாணி. தெரிந்தவர் அயர்னை ஒயரின் அடியில் வைத்து, மேற்புறத்தில் ஈயத்தைத் தொடுவார். சூடான செம்பு தானே அதை உறிஞ்சிக்கொள்ளும். அந்தக் கணத்தைக் கவனிக்க வேண்டும்: மங்கலாக இருந்த இழைகளுக்கு இடையே ஒரு வெள்ளி ஒளி ஓடிப் பரவும், ஒவ்வொரு இழையின் வடிவமும் ஈயத்துக்கு அடியில் இன்னும் புலப்படும், அத்துடன் நிறுத்திவிட வேண்டும். இன்னும் ஒரு சொட்டு விட்டால் ஈயம் உறைக்குள் ஏறிப்போய், வளைய வேண்டிய ஒயர் அந்த இடத்தில் கம்பியாகி, இஞ்சினின் அதிர்வில் ஒடியும். நாலு ஒயர்களை ஒட்டும்போது நாலு ஜாயிண்டுகளையும் ஒரே இடத்தில் குவிக்காமல், ஒவ்வொன்றையும் விரற்கடை தள்ளித் தள்ளி அமைப்பது, கட்டு பருக்காமல் இருக்கவும், ஒன்றன் பழுது மற்றொன்றைத் தொடாமல் இருக்கவும் கண்ட உபாயம்.

இத்தனை நேர்த்தியாக ஈயம் வைக்கத் தெரிந்த ஒருவர், ஆக்ஸிஜன் சென்சாரின் சொந்த ஒயர் என்றதும் அயர்னைக் கீழே வைத்துவிடுவதைப் பார்த்தால்தான் அவருடைய ஞானம் முழுவதும் விளங்கும். பலவகை ஆக்ஸிஜன் சென்சார்கள், புகையோடு ஒப்பிட்டுப் பார்ப்பதற்கு வேண்டிய வெளிக்காற்றை அந்த ஒயரின் இழைகளுக்கு இடையே உள்ள நுண்ணிய சந்துகளின் வழியாகத்தான் சுவாசிக்கின்றன. ஈயம் நிறைந்தால் சுவாசம் அடைபடும். அது தரும் அளவும் பொய்யாகும். போதாக்குறைக்கு, மேனிஃபோல்டின் அருகாமையில் ஈயமே இளகிவிடக்கூடும். ஆகவே அங்கே ஈயமில்லாமல் நசுக்கிச் சேர்க்கும் கிரிம்ப் இணைப்புத்தான், அல்லது புதுச் சென்சார்தான். கைக்கு நன்றாக வருகிற வித்தையை அது தகாத இடத்தில் காட்டாமலிருப்பதை நான் எல்லாவற்றினும் உயர்ந்த லக்ஷணமாகக் கொள்வேன். கிராங்க் சென்சார் ஒயரைச் சுற்றியுள்ள வலை உறையைத் தொடர்ச்சி விடாமல் சேர்த்து, ஒரு முனையில் மட்டும் எர்த் கொடுக்கும் நியமத்தைப் பற்றியும் எழுத ஆசைதான், விரிவஞ்சி விடுகிறேன்.

ஆனால் மகுடம் ஜாயிண்டில் இல்லை. ஒயர் போகும் வழியில் இருக்கிறது. ஜாயிண்ட் எத்தனை அழகாயிருந்தாலும், பழைய வழியிலேயே ஒயரைப் படுக்கவிட்டால் அது மறுபடியும் கருகும். அதனால்தான் நல்லவர் முதலிலேயே, "இதுக்கு முன்னாடி இஞ்சினை யார் இறக்கினாங்க சார்?" என்று கேட்கிறார். கிளட்ச் வேலையின்போது உடைந்த ஒரு கிளிப், திரும்ப மாட்டாமல் விடப்பட்ட ஒரு வெப்பத் தடுப்புத் தகடு, இவைதாம் பெரும்பாலும் மூலகாரணம். அவர் அந்தத் தகட்டைத் தேடிப் பிடித்து மாட்டுவார்; ஒயருக்குக் கண்ணாடி நார் உறை போடுவார், மிக நெருக்கமான இடத்தில் 260 டிகிரி தாங்கும் டெஃப்லான் ஒயரையே இழுப்பார்; இஞ்சின் ஆடுவதற்குச் சிறிது தளர்வு விட்டு, உலோகத்தைத் தொடாதபடி கட்டுவார். காஞ்சி வரதராஜப் பெருமாளுக்கு ஆலவட்டம் வீசுவதையே கைங்கரியமாகக் கொண்ட திருக்கச்சி நம்பிகள் அவதரித்த ஊர் பூவிருந்தவல்லி. சூட்டைத் தணிப்பதில் இத்தனை சிரத்தை காட்டும் ஒருவர் அந்த ஊர்ச் சாலையோரத்தில் கடை வைத்திருப்பது எனக்கு எப்போதும் ஒரு சந்தோஷம்.

முழு ஒயரிங்கையும் மாற்றிவிடுவதே சரி என்பது பெரிய சர்வீஸ் நிலையங்களின் கட்சி. கட்டு முழுவதும் வெந்துபோன வண்டிக்கு அது நியாயமே. ஏர்பேக் ஒயரை வெட்டி ஒட்டலாகாது என்பதிலும் இரண்டாவது பேச்சில்லை. ஆனால் ஒரு சாண் கருகியதற்காக வண்டியின் நரம்பு மண்டலத்தையே பிடுங்கி எறிவதை நிபுணத்துவம் என்று என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை.

வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஒயர் வேலைக்கு வண்டியை விட்டால், டேப் சுற்றுவதற்கு முன் ஒரு முறை கூப்பிடச் சொல்லி, ஜாயிண்டையும் வழியையும் பாருங்கள். வேலை நன்றாயிருந்தால் வாய்விட்டுச் சொல்லுங்கள். சாமானுக்கு எழுதிய விலையை மறுபேச்சின்றிக் கொடுத்துவிட்டுக் கூலியில் மட்டும் பேரம் பேசுகிற நம்முடைய பழக்கத்தை, அந்த ஒரு கடையிலாவது விட்டுவிடுங்கள்.