தொழிற்கல்வியும் வர்க்க வேலியும்

பிரிட்டனில் 1944ஆம் ஆண்டுக் கல்விச் சட்டத்தை அடுத்து, இடைநிலைக் கல்வி கிராமர் பள்ளி, தொழில்நுட்பப் பள்ளி, நவீனப் பள்ளி என மூவகைப்பட்டது. மூன்றும் சமம் என்றனர். ஆயினும் தொழில்நுட்பப் பள்ளிகள் மிகச் சிலவே எழுந்தன. தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகள் பெரும்பாலும் நவீனப் பள்ளிகளையே அடைந்தனர்.

அப்பிள்ளைகள் தந்தையரின் தொழிலையே நாடுவது ஏன்? பால் வில்லிஸ் 1977இல் வெளியிட்ட 'உழைக்கக் கற்றல்' இவ்வினாவை ஆராய்ந்தது. மத்திய இங்கிலாந்துத் தொழில் நகரொன்றில் 12 மாணவர்களை அவர் நெருங்கிக் கவனித்தார். ஏட்டுக் கல்வியை எள்ளிய அவர்கள், உடலுழைப்பை ஆண்மையின் அடையாளமாகப் போற்றினர். பள்ளியை வென்றதாக எண்ணியே தொழிற்சாலை வாயிலை அடைந்தனர்.

மாணவரைச் சிந்திக்கும் மாந்தராகக் கண்டதே இந்நூலின் வலிமை. மாணவியரை அது பொருட்படுத்தவில்லை என்பதை ஆஞ்செலா மெக்ராபி 1980இல் சுட்டினார். மற்றொரு குறையும் உண்டு. தொழிற்சாலை வேலை என்றும் காத்திருக்கும் என்னும் எண்ணத்தின்மீதே அதன் வாதம் நிற்கிறது. 1982இல் வேலையற்றோர் 30 இலட்சத்தைத் தாண்டினர். 1983இல் இளைஞர் பயிற்சித் திட்டம் வந்தபோது, பயின்ற பலருக்கு நிலையான வேலை கிட்டவில்லை. கீழ்நிலைத் தொழிற்சான்றிதழ்கள் பலவற்றுக்கு வேலைச் சந்தையில் மதிப்பில்லை என 2011இல் ஆலிசன் உல்ஃப் அறிக்கையும் உரைத்தது.

கைத்திறனுக்குரிய ஊதியத்தையும் மதிப்பையும் சமுதாயம் மறுக்கும்வரை, தொழிற்கல்வி எளியோரைத் தடுக்கும் வேலியாகவே நிற்கும்.