நிலவறையில் ஒரு எஞ்சின்

அவ்ரோ ஆரோ போர்விமானத்துக்கான எஞ்சின் கனடாவில், மிசிசாகாவின் மால்டனில்தான் உருவானது. 1959 பிப்ரவரி 20இல் திட்டமே ரத்தானது. அதே ஊரில் பனிக்காலம் முழுக்க நிலவறையில் லேத்தோடு மல்லுக்கட்டி, உள்ளங்கையளவு மாதிரி எஞ்சினை ஓடவைப்பதும் சின்ன விஷயமில்லை.

அந்தக் குட்டி எஞ்சினுக்காகக் கடையும் வார்ப்பிரும்பின் மேல்தோல் பொல்லாதது. பயந்து பயந்து சீவினால் வெட்டுமுனைதான் மழுங்கும். முதல் வெட்டே தோலுக்கு அடியில் இறங்க வேண்டும். உள்ளே சுருள் வராது, கறுப்புப் பொடியாக உதிரும். மூக்கைத் துடைத்தால் கைக்குட்டையும் கறுப்பு!

இங்கிலாந்தின் எட்கர் வெஸ்ட்பரி வடிவமைத்த 'சீல்' எஞ்சினில் நான்கு சிலிண்டருக்கும் சேர்த்தே 15 சிசிதான். இப்படிப்பட்ட குட்டி எஞ்சின்களில் ரிங் இல்லாத பிஸ்டன் என்றால், எண்ணெய் தொட்டு சிலிண்டருக்குள் விட்டு, அடிவாயை விரலால் பொத்திப் பாருங்கள். சட்டென இறங்காமல் காற்றில் மிதந்து நின்றால் வேலை சுத்தம்.