வட்டில் தின்றதும் வயலில் தின்றதும்

பெங்களூரு அருகே ஹெப்பகோடியை ஒட்டிய பொம்மசந்திராவில் இயங்கிய மெட்டாஹெலிக்ஸ் என்ற விதை நிறுவனத்தின், புழுவை எதிர்க்கும் பிடி பருத்திக்கு 2009-இல் அனுமதி கிடைத்தது. அத்தகைய விதையானாலும் வேப்பங்கொட்டைக் கரைசலானாலும், அதன் திறனை அறிய ஆய்வகத்தில் புழுவுக்குத் தீனி வைத்துப் பார்ப்பது வழக்கம். இலையை வட்டு வட்டாக வெட்டி, ஈரத்தாள் விரித்த தட்டில் வைத்து, பட்டினி போட்ட புழுவை விடுவார்கள். மறுநாள் எத்தனை சதுர சென்டிமீட்டர் குறைந்திருக்கிறது என்று அளப்பார்கள்.

ஒரே வயதுப் புழு, ஒரே அளவு இலை, ஒரே வெப்பநிலை. ஒப்பிடுவதற்கு இதைவிடச் சுத்தமான ஏற்பாடு கிடைப்பது அரிது. 1968-இல் பூச்சியியலாளர் வால்ட்பௌவர் இதை மேலும் ஆழப்படுத்தினார். தின்ற இலை, போட்ட எச்சம், கூடிய உடல் எடை மூன்றையும் நிறுத்தால், உண்டதில் எவ்வளவு செரித்தது, எவ்வளவு உடலில் சேர்ந்தது என்று தெரியும். புழு வளராதது தின்னாததாலா, தின்றும் உடலில் ஒட்டாததாலா? வேம்பைப் பற்றிப் பேசுகிறவர்களுக்கு இந்த வேறுபாடு மிக முக்கியம்.

ஆனால் வெட்டிய இலை வாடும். குறைந்த எடையில் பாதி வெறும் நீராகவே போயிருக்கலாம். புழு விடாத தட்டு ஒன்றை உடன் வைக்காத சோதனையை நான் நம்புவதில்லை. இதைவிடப் பெரிய குறை காலத்தில் இருக்கிறது. மக்காச்சோளப் படைப்புழு ஆறு நிலைகளில் வளர்கிறது. வாழ்நாளில் தின்னும் இலையில் முக்கால் பங்குக்கு மேல் கடைசி நிலையில்தான் தின்கிறது. மூன்றாம் நிலைப் புழுவை ஒரே நாள் வைத்துப் பெற்ற சதவீதம் அந்தப் பெருந்தீனியைப் பற்றி என்ன சொல்லிவிடும்?

2018 மே மாதம் இந்தப் புழு இந்தியாவில் முதன்முதலாகச் சிவமொக்கா பகுதி மக்காச்சோளத்தில் கண்டறியப்பட்டது. இப்புழுவின் சேதத்தை வயலில் மதிப்பிட 0 முதல் 9 வரையிலான டேவிஸ் அளவுகோல் பரவலாகப் பயன்படுகிறது. கண்ணால் பார்த்து இடும் மதிப்பெண் அது. ஆளுக்கு ஆள் மாறும். ஆனாலும் குருத்துக்குள் ஒளிந்து தின்னும் புழுவைச் செடியோடு சேர்த்துப் பார்க்கிறதே, அதனால் இந்தக் கரடுமுரடான அளவையே விவசாயிக்கு நெருக்கமானதாக மதிக்கிறேன். அதுவும் விளைச்சலைச் சொல்லாது. இலையில் ஓட்டை விழுந்த இளஞ்செடி தேறிவிடும்; வளர்நுனி போனால் தேறாது.

வட்டுச் சோதனையைக் கைவிட வேண்டியதில்லை. பத்துப் பொருள்களில் எட்டைக் கழிக்க அது போதும். மிஞ்சிய இரண்டைத் தொட்டியில் வளரும் முழுச் செடியில், புழு கூண்டுப்புழுவாகும் வரை விட்டுப் பார்க்க வேண்டும். எந்த நிலைப் புழு, எத்தனை மணி நேரம், வெட்டிய இலையா வளரும் செடியா என்ற மூன்றையும் சொல்லாத சதவீதத்தை எந்த மருந்துப் புட்டியின் மேலும் அச்சிட விடக்கூடாது.