படம் பொய் சொல்லலாமா?

பிரேசில் நாட்டின் எமாஸ் தேசியப் பூங்கா. இரவில் ஒரு கறையான் புற்று பச்சைப் புள்ளிகளாய் ஒளிர்கிறது. அதில் வாழும் ஒருவகை வண்டின் புழுக்கள் உமிழும் ஒளி அது. அருகே ஓர் எறும்புத்தின்னி. 2017-இல் இப்படத்துக்கு லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தின் போட்டியில் பரிசு கிடைத்தது. 2018-இல் பரிசு பறிக்கப்பட்டது. ஏன் தெரியுமா? பூங்கா வாயிலில் இருந்த, பாடம் செய்யப்பட்ட எறும்புத்தின்னியே படத்தில் இருப்பது என்று ஐந்து அறிஞர்கள் தனித்தனியே ஆராய்ந்து முடிவு கூறினர். கழுத்துக் கோலமும் ரோமக் கற்றைகளும் அப்படியே ஒத்திருந்தனவாம்! படமெடுத்தவரோ மறுத்தார்.

வாசகர்களே, புற்றின் ஒளியே போதிய அதிசயம் அல்லவா? அதன்மீதும் இப்போது ஐயம் விழுந்துவிட்டது. இயற்கைப் படம் வெறும் அலங்காரம் அன்று, சான்று. பொழுதுபோக்காகப் படமெடுத்து நண்பர்களுக்குக் காட்டும் நீங்களும் இடம், நாள், நேரம் குறித்து வையுங்கள். விலங்கு வராவிட்டால், வரவில்லை என்றே எழுதுங்கள்.