நிலத்தடியில் ஒரு தொடர் ஆட்டம்

1974ஆம் ஆண்டில் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னெசனும் வெளியிட்ட ‘டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ என்னும் ஆட்டத்தில், ஒருவர் சூத்திரதாரியாக அமர்ந்து உலகத்தை வருணிக்க, ஏனையோர் ஆளுக்கொரு பாத்திரம் ஏற்றுப் பகடை உருட்டி அவ்வுலகத்துள் சஞ்சரிப்பர்; பெயரிலேயே நிலவறையைக் கொண்ட அவ்வாட்டத்துக்கு, குகைகளுக்குள் மாதக்கணக்கில் நீளும் தொடர்கதை மூத்த சம்பிரதாயம். அது இப்போது கோப்பாயில் எங்கள் வீட்டுத் தலைவாசலுக்கும் வந்துவிட்டது. தங்கையின் மகன்தான் சூத்திரதாரி.

இச்சம்பிரதாயத்தின் விசேஷம் இருளிலே இருக்கிறது. வெட்டவெளியில் ஆட்டக்காரர் எத்திசையிலும் ஓடிவிடலாமாகையால் கதை சிதறும். குகையிலோ வழிகள் இரண்டு மூன்றே ஆதலின், நடத்துபவன் முன்கூட்டியே ஆயத்தம் செய்யலாம், ஆடுபவருக்கும் ஒவ்வொரு தெரிவும் கனக்கும். “விளக்கில எண்ணெய் அரைவாசிதான் கிடக்குது. இறங்கப் போறியளோ, திரும்பப் போறியளோ?” என்று மருமகன் கேட்டபோது, வாளைப் பற்றி ஒருவரும் பேசவில்லை, கயிறு எத்தனை முழம் என்றே விசாரித்தார்கள்.

ஆனால் வழி குறுகக் குறுக நடத்துபவனின் அதிகாரம் பெருகுவதும், அறை, பூதம், புதையல், மறுபடி அறை என்று கதை சலிப்பதும் இதன் சுபாவக் குற்றங்கள். மருமகன் வைத்திருந்த வரைபடமோ பிறநாட்டு விசாலமான மண்டபங்கள் நிறைந்தது. குகைக்குள் ஒரு நீர்நிலை வந்ததும், நவக்கிரிப் பெடியன் ஒருவன், “அண்ணை, அந்தத் தண்ணி உவர்க்குதோ?” என்று கேட்டான். வரைபடத்தில் பதில் இல்லை.

அந்தக் கேள்வியே இவ்வாட்டத்துக்கு நான் கண்ட மிகச் சிறந்த விமரிசனம். நிரந்தர ஆறில்லாத நம் யாழ்ப்பாணக் குடாநாட்டில், மழைநீர் சுண்ணக்கல்லின் பொந்துகளிலிறங்கிக் கடல்நீரின்மேல் மெல்லிய படலமாக மிதக்கிறது. புத்தூருக்கு அருகே நிலாவரைக் கிணற்றில் மேல்நீர் இனிக்க, ஆழத்தில் உவர்ப்பேறுவதற்குக் காரணம் அதுவே. அங்கே போட்ட தேசிக்காய் கீரிமலைக் கேணியில் மிதக்கும் என்று பெரியோர் சொல்வதை நாம் நம்பவேண்டியதில்லை. எனினும் கதைக்கு இதைவிட நல்ல வாசல் எது? இதற்கு முன்னுதாரணமும் உண்டு: அமெரிக்காவில் கென்டக்கியின் மாமத் குகைத்தொகுதியில் இறங்கி அளந்து பழகிய வில் கிரவுதர், அந்த அனுபவத்தைக்கொண்டே 1970களில் கணினிக் குகையாட்டமொன்றை எழுதினார். தான் அறிந்த குகையை எழுதியதே அவர் வெற்றி.

இன்னொரு குறையை எந்த விதிநூலிலும் நான் காணவில்லை. அன்றிரவு ரசம் கூடட்டுமென்று அவர்கள் மின்விளக்கை அணைத்ததும், அதுவரை சிரித்துக் கேட்டுக்கொண்டிருந்த என் தங்கை எழுந்து முற்றத்துக்குப் போய்விட்டாள். யுத்தகாலத்தில், பனங்குற்றியும் மண்மூட்டையும் அடுக்கிய பங்கருக்குள் பிள்ளைப்பருவத்து இரவுகளைக் கழித்தவளுக்கு, நிலத்தடி இருள் கற்பனா விநோதமன்று. இதனால் ஆட்டத்தையே தள்ளிவிடவேண்டும் என்பது என் அபிப்பிராயமல்ல. குகைக்கதை நடத்தும் தம்பிமாரே, விளக்கை அணைக்கு முன் அருகிலிருக்கும் மூத்தவரை ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.